கச்சான் எத்தனை கிலோ?

எங்கள் ஊரில் லொறி வைத்திருப்பவர்கள் பலர். மில் வைத்திருப்பவர்களும் உண்டு. ஒரு விமானியை மருமகனாக வைத்திருப்பவன் கல்முனைக்கும் பாலமுனைக்கும் இடையில் நான் ஒருவன்தான். வேறு யாரும் இருந்தால் வந்து சொல்லட்டும், தேத்தண்ணி என் செலவு.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிளீனராக லொறியில் தொற்றினேன். பிறகு டிரைவர், பிறகு லொறிக்குச் சொந்தக்காரன். சவளக்கடைப் பக்கம் வயல் வாங்கினேன், அந்த நெல்லைக் குற்ற மில் போட்டேன். ஒரு லொறியை எட்ட நின்று பார்த்தே அதில் எவ்வளவு பாரம் என்று சொல்லிவிடுவேன். என் கையால் பாரம் ஏற்றிய வண்டி ஒன்றும் இன்றுவரை குடைசாய்ந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் உண்மையும் அதுதான்.

என் கடைசி மகளுக்குப் பாலமுனையில் மாப்பிள்ளை கிடைத்தார். கடல் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. வாப்பா தோணியில் கடலுக்குப் போக, மகன் விமானம் ஓட்டப் படித்து, கொழும்புப் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளியில் மற்றவர்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். பெண் கேட்டு வந்தபோது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "லைசன் இரிக்கா?" சபையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் எடுத்துக் காட்டினார். அந்த இடத்திலேயே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த வீட்டில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைப்பதில்லை. கோபத்தினால் அல்ல, மரியாதையினால். இப்போது சில வீடுகளில் மாமியும் மருமகனும் போனில் படம் அனுப்பி விளையாடுகிறார்கள் என்று கேள்வி. என் மனைவி அந்த ரகம் இல்லை. மருமகன் முன் மண்டபத்தில் இருந்தால், அவள் சமையல் நடக்கும் குசினி வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பாள். நடுவில் நான் தபால்காரன்.

"மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி வையுங்க" என்று சீலை சொல்லும்.

"காணும் எண்டு மாமிக்கிட்டச் சொல்லுங்க மாமா" என்று அவர் சொல்வார்.

"காணுமாம்" என்று நான் சொல்வேன். சீலைக்குள் இருந்து இன்னொரு பீங்கான் இறைச்சி வரும்.

போதும் என்பதற்கு நாங்கள் காணும் என்போம். புது மாப்பிள்ளையின் 'காணும்' எந்த வீட்டிலும் கணக்கில் சேராது. அவர் சொல்ல வேண்டும், நாங்கள் கேட்காத மாதிரி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பெருந்தீனிக்காரர். கேட்டுவிட்டால் நாங்கள் கஞ்சர். வழிவழியாக இப்படித்தான் நடந்து வந்தது, எந்த மாப்பிள்ளையும் அதனால் கெட்டுப்போகவில்லை. மாப்பிள்ளைமாரின் வயிறுதான் கொஞ்சம் முன்னுக்கு வந்தது.

ஒரு கோடையில் மகள் எங்களோடு சில கிழமைகள் நின்றிருந்தாள். அவர் வேலைக்காக இருவரும் கொழும்புப் பக்கம் வீடு எடுத்திருந்தார்கள். அவளைக் கூட்டிப் போக மருமகன் பள்ளியில் அனுமதி எடுத்து, நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு சின்ன விமானத்தில் வந்தார். எங்களூருக்கு மேற்கே வயல்வெளிக்கு நடுவில் ஒரு சிறிய ஓடுபாதை இருக்கிறது. நான் காலையிலேயே என் வான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருந்தேன். விமானம் தும்பி மாதிரி வந்து இறங்கியபோது, பக்கத்தில் நின்ற காவலாளியிடம், அவர் கேட்காமலே, "என்ட மருமகன்" என்றேன்.

இறங்கியதும் மருமகன் முதலில் பார்த்தது என்னை அல்ல, கம்பத்தில் ஆடிய காற்றுப் பையை. "மாமா, நல்ல கச்சான் அடிக்கிது. விமானம் காத்துக்கு முகம் குடுத்துத்தான் ஏறணும். மேற்க பாத்து ஏறினாச் சரி. ஆனா வெயில் ஏற முதல் வெளிக்கிடணும்" என்றார்.

கச்சான் என்பது கோடையில் மேற்கே இருந்து வரும் சூட்டுக் காற்று. காலையில் புழுதியை வாரி அடிக்கும். மத்தியானத்தில் சில நாள் அது சோர்ந்துபோகும், கிழக்கே இருந்து கடற்காற்று உள்ளே வரும். கடலோடி வீட்டுப் பிள்ளைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்ததும் அவர் எழும்பப் பார்த்தார். சீலை பேசியது: "சோறு தின்னாம மருமகன் போறதா? ஊரு என்ன சொல்லும்?"

"நேரம் காணாது மாமா. வெயில் ஏறிடும்."

"மாமிக்கு நீங்களே சொல்லுங்க" என்றேன் பகிடியாக. அவர் தலையைக் குனிந்துகொண்டார். நெய்ச்சோறு முடிந்து, வட்டிலப்பம் முடிந்து, பகல் லுஹர் தொழுதுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம்.

வானின் பின்னால் மனைவியின் பார்சல்கள். எருமைத் தயிர் முட்டிகள், எங்கள் வயல் அரிசி, பாலமுனைக் கருவாடு, தொதல், கச்சான் அல்வா, மருதமுனைக் கைத்தறிச் சாரன்கள், மகளுக்கு அரைத்த தூள், மகளின் பக்கத்து வீட்டாருக்கு என்று இன்னொரு தொகுதி. விமானத்தில் பின் ஆசனத்திலும் அதற்குப் பின்னால் இருந்த இடத்திலும் அடுக்கினோம். மருமகன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, இது கூடிப்போச்சி. காணும் எண்டு மாமிக்கிட்டச் சொல்லுங்க."

மனைவி வானுக்கு மறுபக்கம், முந்தானையை இழுத்துவிட்டு நின்றாள். நான் திரும்பிச் சொன்னேன்: "காணுமாம்."

"அவர் வெக்கத்துல சொல்றார். அந்த அரிசியையும் வையுங்க" என்றாள்.

வைத்தோம். ஒரு லொறிக்கு அது பாரமே இல்லை. லொறியின் ஒரு ரயருக்குக்கூடப் பாரமில்லை.

காற்றுப் பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. கச்சான் நின்றுவிட்டது. மருமகன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். காற்றே இல்லாத மாதிரித்தான் இருந்தது. காலையில் நினைத்தபடியே மேற்கே ஏறப் போனார். மகள் பக்கத்து ஆசனத்தில் இருந்து கை காட்டினாள். ஓடுபாதையில் வெயில் நெளிந்தது.

விமானம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் பள்ளியிலிருந்து ஏறும்போது எவ்வளவு ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இது கூட என்று மனம் சொன்னது. மூக்கு உயர்ந்தது, சக்கரம் நிலத்தை விட்டது. அப்போது என் முதுகில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. கடற்காற்று. என் சாரன் முன்னுக்குப் பறந்தது. கம்பத்தைப் பார்த்தேன், பை மேற்கு நோக்கி நீண்டு நின்றது. காற்று விமானத்துக்கு முதுகுப் பக்கம்.

மேலே போகவில்லை. வேலி உயரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு, மூட்டை சுமப்பவன் நடப்பது போலத் தள்ளாடித் தள்ளாடிப் போனது. ஒரு சிறகு சாய்ந்தது. அந்த நேரத்தில் ஆள் பயந்து மூக்கை இன்னும் தூக்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். என் மருமகன் மூக்கைத் தாழ்த்தி, சிறகை நேராக்கி, வேலிக்கு அப்பால் பச்சை வெள்ளாமைக்குள் வைத்தார். விழவில்லை, வைத்தார். சேறு சக்கரத்தைப் பிடித்தது. மூக்குக் குத்தி, வால் மேலே நின்றது.

நான் இந்த வயதில் ஓடிய ஓட்டத்தை ஒருவரும் படம் பிடிக்கவில்லை. வரப்பால் ஓடி, விழுந்து, எழும்பி ஓடினேன். கதவைத் திறந்து மருமகன் மகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். மகள் தலை முதல் மடி வரை வெள்ளை. எனக்கு மையத்தைச் சுற்றும் கபன் துணிதான் தெரிந்தது. "யா அல்லாஹ்" என்று சேற்றில் முழங்கால் குத்தினேன்.

"வாப்பா, தயிர்!" என்றாள் மகள். "ஒண்டுமில்ல வாப்பா, இது தயிர்!"

அவளுக்குக் கை மணிக்கட்டு பிசகியிருந்தது. மருமகனுக்குப் புருவத்தில் வெட்டு, அந்த இரத்தமும் தயிரோடு கலந்து ரோஸ் நிறமாக வடிந்தது. வயல்காரர் மண்வெட்டியோடு வந்தார். "நான் மருந்தடிக்க வந்த விமானமாக்கும் எண்டு நினைச்ச" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு, தன் தலைத்துண்டால் மருமகனின் நெற்றியைக் கட்டினார். மிதிபட்ட வெள்ளாமையைப் பற்றி அந்த மனிதர் இன்றுவரை ஒரு சொல் கேட்கவில்லை. நான் சும்மா விடுவேனா? அவருடைய அறுவடை முழுவதும் என் லொறியில்தான் போனது, கூலி இல்லாமல்.

விசாரணை முடியும்வரை மருமகன் விமானம் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் எங்கள் வீட்டில் வந்து இருந்தார். கதை இல்லை, சிரிப்பு இல்லை. மனைவியும் குசினியில் சத்தம் இல்லாமல் நடந்தாள்.

கொழும்பிலிருந்து விசாரணைக்கு ஒரு உத்தியோகத்தர் வந்தார். கொழும்புத் தமிழ் கதைக்கும் மனிதர், மரியாதையானவர். மண்டபத்தில் அவரும் நானும் மருமகனும் மகளும். சீலைக்குப் பின்னால் மனைவி.

"அன்னைக்குக் காத்து எப்படி ஹாஜியார்?" என்று கேட்டார்.

"காலையில நல்ல கச்சான் இருந்த சேர். மத்தியானத்துக்குக் கச்சான் முடிஞ்சி போச்சி."

எழுதினார். பேனையை நிறுத்தி நிமிர்ந்தார். "கச்சான் எத்தனை கிலோ?"

"என்ன சேர்?"

"ஏத்தின கச்சான். எத்தனை கிலோ? முடிஞ்சி போச்சுன்னா யாரு சாப்பிட்டது?"

அவருடைய ஊரில் கச்சான் என்றால் வறுத்து விற்கும் நிலக்கடலை மட்டும்தான். எங்கள் ஊரில் நிலக்கடலைக்கும் அதே பேர், காற்றுக்கும் அதே பேர். நான் விளக்கம் சொல்ல வாய் திறக்க முதல் சீலை அலறியது:

"கச்சான் நான் வைக்கல்ல! கச்சான் அல்வாதான் வெச்ச, அதுவும் ஒரு சின்னப் பெட்டி!"

மகள்தான் முதலில் சிரித்தாள், கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு மருமகன். அந்த விபத்துக்குப் பிறகு அவர் பல்லை நாங்கள் பார்த்தது அன்றுதான். விசயம் விளங்கியதும் உத்தியோகத்தரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"சரி, அல்வா எத்தனை கிலோ? தயிர் எத்தனை? அரிசி?"

"கிலோவா? நான் என்ன கடையா வெச்சிரிக்கன்?" என்றது சீலை. "மனசுக்குக் காணுற மாதிரி வெச்ச."

அவர் அதையும் எழுதினாரோ தெரியாது. ஆனால் நல்ல விளக்கமாக எனக்குச் சொன்னார். ஒரு காரணத்தால் விமானம் விழுவது குறைவாம். சின்னச் சின்னக் காரணங்கள் கைகோத்து வருமாம். மத்தியான வெயிலில் காற்று ஐதாகி லேசாகிவிடும், சிறகுக்கும் எஞ்சினுக்கும் பிடிமானம் குறையும். முன்னால் வர வேண்டிய காற்று பின்னால் வந்தால், ஏறுவதற்கு இன்னும் நீளமாக ஓட வேண்டும். அதற்கு மேல் பாரம். அந்தப் பாரமும் பின்னுக்கு இருந்தால், மூக்கு தன்பாட்டில் தூக்கும், வேகம் செத்துப்போகும்.

பின்பாரம் கூடினால் லொறியின் ஸ்டியரிங் கையில் நிற்காது என்பது நான் கிளீனராக இருந்தபோதே படித்த பாடம். அதைச் சீலைப் பக்கம் திரும்பி விளக்கினேன். "ஆனா லொறி ஏற மாட்டன் எண்டா கியரை மாத்தலாம், நிப்பாட்டலாம், ரெண்டு மூட்டைய இறக்கலாம். அங்க மேல நிண்டு இறக்க ஏலாது."

சீலையின் ஓரத்தை ஒரு கை பிடித்தது.

உத்தியோகத்தர் மருமகனைப் பார்த்தார். "நிறுக்காமல் இவ்வளவையும் ஏத்தச் சொன்னது யாரு?"

"நான்தான் சேர்" என்றார் மருமகன். "ஏத்துறதும் இறக்குறதும் விமானிட பொறுப்பு. வேற ஒருத்தரும் இல்ல."

அப்போது சீலை விலகியது. என் மனைவி வெளியே வந்தாள். மருமகன் படபடத்து எழும்பி நின்றார். கலியாணத்துக்குப் பிறகு அவள் அவர் முன்னால் முகம் காட்டி நின்றது அதுதான் முதல் தடவை.

"சேர், அவர் காணும் எண்டு சொன்னவர். ரெண்டு காதாலயும் கேட்ட நான். வெக்கத்துல சொல்றார் எண்டு நினைச்ச."

உத்தியோகத்தர் பேனையை மூடி வைத்தார். பிறகு, "உம்மா, விமானத்துல காணும் எண்டா காணும்தான். ஆனா அதைக் கேக்குற மாதிரிச் சொல்ல வேண்டியது இவர்தான்" என்றார். எங்கள் சொல்லை எங்கள் மாதிரியே சொன்னார்.

மறுபடி பயிற்சி எடுத்து, சோதனையில் தேறினால் ஓட்டலாம் என்று முடிவு வந்தது. நான் மில்லில் எல்லோருக்கும் பிரியாணி கொடுத்தேன். ஆனால் மருமகன் வெளிக்கிடவில்லை. ஒருநாள் மில்லுக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மாமா, இங்க ஒரு வேலை தாங்க."

"என்ட மில்லுல விமானிக்கு வேலை இல்ல. நெல்லு மூட்டை பறக்காது."

"பகிடி இல்ல மாமா. கண்ண மூடினா உங்கட புள்ளைட வெள்ளை முகம்தான் வருது. மாமிக்கிட்ட ஒரு வேணாம் சொல்ல வாய் வராதவன், நாளைக்கு எவனுக்கு வேணாம் சொல்லப் போறன்? அப்படிப்பட்டவன் விமானம் ஓட்டக் கூடாது."

நான் எத்தனையோ டிரைவர்மாரை வேலைக்கு எடுத்தவன், அனுப்பியவன். தன்னைத் தானே வேலையிலிருந்து நிறுத்திய ஒருவரை அன்றுதான் பார்த்தேன். மகளிடம் சொன்னேன். "அவர் தாழ்த்தி வெச்சதாலதான் நான் உசிரோட இரிக்கன் எண்டு நூறு தரம் சொல்லிட்டன் வாப்பா. காதுல ஏறுதில்ல" என்றாள். மனைவியிடமும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அடுத்த நாள் பகல் சாப்பாட்டுக்குச் சீலை கட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. மனைவி தானே வந்து பரிமாறினாள். மருமகனுக்குக் கூச்சத்தில் காது சிவந்துவிட்டது. முதல் அகப்பை சோறு வைத்தாள். இரண்டாவதைத் தூக்கினாள்.

"காணும்" என்றார் அவர், பழக்க தோசத்தில்.

அகப்பை அந்தரத்தில் நின்றது. அப்படியே திரும்பிச் சட்டிக்குள் போனது. சட்டியை மூடினாள். எங்கள் குடும்பச் சரித்திரத்தில் நடக்காத சம்பவம் அது. மகள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். மருமகன் தன் பீங்கானைப் பார்த்தார், ஒரு கை அளவு சோறு. மூடிய சட்டியைப் பார்த்தார்.

"நீங்க காணும் எண்டா, எனக்கும் காணும் மகன்" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்த்தே.

நான் கோழிக் காலைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"மாமி" என்றார் மருமகன். என்னிடம் அல்ல, அவளிடம். "உண்மையா எனக்குப் பசிக்கிது. இன்னும் ரெண்டு அகப்பை வையுங்க."

சிரித்த சிரிப்பில் எனக்குப் புரைக்கேறிவிட்டது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு வைத்தாள். மூன்றாவது வைக்கவில்லை. அந்தக் கிழமையே அவர் கொழும்புக்குப் போய்ப் பயிற்சிக்குச் சேர்ந்தார். தேறினார். தேறுவார் என்று நான் முதலிலேயே எல்லாக் கடையிலும் சொல்லி வைத்திருந்தேன்.

மாரி மழை முடிந்த பிறகு மறுபடி அதே ஓடுபாதைக்கு ஒரு விமானத்தைக் கொண்டுவந்தார், மகளைக் கூட்டிப் போக. வந்ததும் காற்றுப் பையைப் பார்த்தார். வீட்டுக்கே வரவில்லை. நாங்கள்தான் மகளை வானில் கொண்டுபோனோம். வெயில் இன்னும் ஏறவில்லை. மகளின் பையைச் சின்னத் தராசில் கொளுவி நிறுத்தார். மகளையும் ஏறி நிற்கச் சொல்லப் போகிறாரோ என்று பயந்தேன்.

அப்போது என் மனைவி வானுக்குள் இருந்து ஒரு பார்சலோடு இறங்கினாள். வரும் வழியில் இதைப் பற்றி அவள் மூச்சே விடவில்லை. நேராக மருமகனிடம் போய் நீட்டினாள்.

"வட்டிலப்பம் மகன். கொஞ்சம்தான்."

மருமகன் பார்சலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வேணாம் மாமி" என்றார். நல்ல சத்தமாகச் சொன்னார். காவலாளிக்கும் கேட்டிருக்கும்.

"சரி மகன். பிஸ்மி சொல்லி ஏறுங்க" என்றாள் மனைவி.

விமானம் காற்றுக்கு முகம் கொடுத்து ஓடி, பாதையில் பாதிகூட முடிய முதல் எழும்பியது. வேலிக்கு மேலே, வயலுக்கு மேலே, மரங்களுக்கு மேலே. அந்த வயல்காரர் வரப்பில் நின்று கை காட்டினார். அது காக்கை அளவாகும்வரை நாங்கள் வான் வண்டியில் சாய்ந்துகொண்டு பார்த்தோம்.

"அவர் கேக்கவும் இல்ல. இத என்னத்துக்குக் கொண்டு வந்த?" என்று கேட்டேன்.

"வேணாம் எண்டு சொல்றாரா எண்டு பாக்கத்தான்."

"வாங்கியிருந்தா?"

"புள்ளய இறக்கிக் கூட்டிட்டு வந்திரிப்பன்."

இந்த ஊரில் நெஞ்சுரம் உள்ளவன் நான்தான் என்று இத்தனை காலமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வானின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மருமகன் வேண்டாம் என்ற வட்டிலப்பத்தை அவள் எனக்கு வெட்டித் தந்தாள். நான் ஒன்று தின்றேன். இரண்டாவதையும் தின்றேன்.

"காணும்" என்றேன்.

மூன்றாவதையும் கையில் வைத்தாள்.